அரண்மனைக்காரன் தெருவும் பவளக்காரத் தெருவும்

சங்க அலுவலை முன்னிட்டுச் சென்னைக்குச் செல்லும் நம் தலைவர்களும் செயலாளர்களும், என். எஸ். சி. போஸ் சாலையிலுள்ள மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கிக்குப் போகாமல் திரும்புவது அரிது. அவ்வட்டாரத்திலேயே, உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறமாக, அரண்மனைக்காரன் தெரு என்றொரு தெரு உண்டு. பெயரைக் கேட்டு அங்கே அரண்மனையைத் தேடுவோர் ஏமாறுவர். ‘ஆர்மேனியர்’ என்ற அயற்பெயர் நம் மக்களின் செவியில் ‘அரண்மனைக்காரர்’ என்று விழுந்தது. அதுவே தெருவின் பெயராகவும் நிலைத்துவிட்டது. அதே பகுதியில் பவளக்காரத் தெரு என்று மற்றொன்றும் இருக்கின்றது. பவள வாணிகத்தின் பொருட்டு ஐரோப்பாவிலிருந்து வந்து தங்கிய யூத வணிகரின் நினைவு அப்பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்விரு கூட்டத்தாரின் வரலாற்றையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டுள்ளேன்.

தறியிலும் நிலக்கடலைக் கொல்லையிலும் உழைக்கும் நமக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். வந்து குடியேறினோர் வரலாறு நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. ஆரணியில் பட்டு நெய்யும் சௌராட்டிரக் குடும்பத்தாரின் முன்னோர் வடமேற்கேயிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கு நோக்கி வந்தவர்கள். அண்ணாமலையார் அடிவாரத்திலும், ஈராக் நாட்டு யூத மரபில் பிறந்த எஸ். எஸ். கோஹன் என்பவர் 1936-இல் இரமணாசிரமத்துக்கு வந்து, அருகிலிருந்த பாலாக்கொத்தில் குடிலமைத்து வாழ்ந்தார். இக்காலத்தில் நம் பிள்ளைகளே திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பெட்டியோடு புறப்படுகின்றனர். ஆயினும் இவற்றினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. நிலமில்லாதவன், உறவினரில்லாதவன், ஈடாக வைக்கப் பொன்னுமில்லாதவன் ஒருவனுக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது? கூட்டுறவு இயக்கம் தோன்றியதே இக்கேள்விக்கு விடை காண்பதற்காகத்தான். அதே கேள்விக்கு ஆர்மேனியரும் யூதரும் நமக்கு இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தத்தம் வழியில் விடை கண்டிருந்தனர். இரு விடைகளும் ஒன்றல்ல என்பதே கவனிக்கத்தக்கது.

ஆர்மேனியா மலைநாடு. துருக்கியப் பேரரசுக்கும் பாரசீகப் பேரரசுக்கும் இடையே அகப்பட்ட நாடு. அங்கே அராஸ் ஆற்றங்கரையில் ஜூல்பா என்ற வணிக ஊர் இருந்தது. பாரசீக மன்னன் முதலாம் ஷா அப்பாஸ் 1604-இல் துருக்கியரோடு போரிட்டபோது, பகைவனுக்கு ஊரும் உணவும் கிடைக்கலாகாது என்று அவ்வட்டாரத்தையே காலிசெய்யக் கட்டளையிட்டான். மக்கள் ஆற்றைக் கடந்து விரட்டப்பட்டனர்; வெள்ளத்தில் மாண்டவர் பலர். எஞ்சிய ஜூல்பா மக்களைத் தன் தலைநகரான இஸ்பஹானுக்கு அருகில், சாயந்தே ஆற்றின் மறுகரையில் குடியேற்றினான். அவ்வூர் புதிய ஜூல்பா எனப்பட்டது. மன்னன் இரக்கத்தால் இதைச் செய்தானல்லன். பாரசீகப் பட்டை வெளிநாடுகளில் விற்றுத்தரத் திறமையான வணிகர் அவனுக்கு வேண்டியிருந்தது. எவ்வாறாயினும், வேரோடு பிடுங்கப்பட்ட அந்த ஊர் அடுத்த நூறாண்டுகளுக்குள் ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை கிளை பரப்பிவிட்டது.

அவர்களிடம் படையில்லை, கோட்டையில்லை, சொந்த அரசுமில்லை. பின் எதைக்கொண்டு பரப்பினர்? ஒப்பந்தத்தையும் கணக்கையும் கொண்டே. முதல் உடையவர் புதிய ஜூல்பாவில் இருப்பார். உழைக்க வல்ல இளைஞன் ஒருவன் அம்முதலை எழுத்துமூலம் பெற்றுக்கொண்டு வெளிநாடு செல்வான். அவனுக்குச் சம்பளம் கிடையாது. திரும்பிவந்து கணக்கை ஒப்புவித்தபின், இலாபத்தில் பெரும்பாலும் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அவனுக்கு உரியதாகும். அவன் குற்றமின்றி நட்டம் நேர்ந்தால் அது முதல் உடையவரைச் சாரும். உழைப்பையும் முதலையும் ஒரே ஏட்டில் பங்குகளாக எழுதிய ஏற்பாடு இது. சங்கத்தில் பாவும் ஊடையும் பெற்றுச் சென்று சேலையாகத் திருப்பித் தரும் நம் நெசவாளருக்கு இதன் சாயல் விளங்கும்; ஆனால் அவர்களுடைய முகவனுக்கு நாள்தோறும் மேற்பார்வை செய்ய எந்தச் சங்கமும் பக்கத்தில் இல்லை. சில வேளைகளில் பத்தாண்டுகள் வரை அவன் கண்காணாத தேசத்தில் இருப்பான்.

அப்படிச் சென்ற ஒருவனுடைய பேரேடு இன்றும் போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜூல்பாவின் ஹோவன்னெஸ் என்பது அவன் பெயர். 1682-இல் இரு சகோதரர்களிடம் 250 துமான் முதல் பெற்றுப் புறப்பட்ட அவன், 1693 வரை அவ்வேட்டை எழுதியிருக்கிறான். சூரத்து, ஆக்ரா, அவுரி விளையும் குர்ஜா, பாட்னா, நேபாளம் என்று சென்று, முடிவில் திபெத்தின் லாசா நகரில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தங்கினான். அங்கே துணியும் முத்தும் விற்றான், கஸ்தூரி வாங்கினான். எந்த ஊரில் எந்த எடை வழங்குகிறது, எந்த நாணயத்துக்கு எது ஈடு, சுங்கம் எவ்வளவு, தரகு எவ்வளவு, வழிச்செலவு எவ்வளவு என்பவையெல்லாம் அவ்வேட்டில் உண்டு. பனிமலைக்கு அப்பால், தட்டிக் கேட்க எவருமில்லாத ஊரில் இருந்துகொண்டு, என்றோ ஒருநாள் தன் முதலாளிமுன் பிரிக்கப்போகும் ஏட்டை அவன் இவ்வளவு நுணுக்கமாக எழுதினான்.

இதைப் படித்தபோது என் அலுவலில் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களைக் கேட்டேன். அவை அங்கத்தினர்களின் வீட்டில் இல்லை. அலுவலக அலமாரியில் கட்டாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. இரண்டாண்டுகளாக ஒரு வரியும் ஏற்றப்படவில்லை. பணம் எதுவும் குறையவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் குறைந்திருந்தாலும் எவருக்கும் தெரிந்திராது. வயது முதிர்ந்த ஓர் அங்கத்தினர், “நம்ம செயலாளர் தம்பிதானே ஐயா, அவரைப் போய்க் கணக்குக் கேட்பதா?” என்றார். அவருடைய நல்லெண்ணத்தை நான் குறைகூற மாட்டேன். ஹோவன்னெஸின் முதலாளிகள் அவன்மேல் நம்பிக்கையில்லாமலா 250 துமானைக் கையில் கொடுத்தனர்? நம்பித்தான் கொடுத்தனர், நம்பியதால்தான் ஏடும் கேட்டனர்.

தனி மனிதனின் ஏட்டோடு அவர்கள் ஏற்பாடு நிற்கவில்லை. புதிய ஜூல்பாவில் வணிகர் பேரவை ஒன்று இருந்தது. முதலாளிக்கும் முகவனுக்கும் வழக்கு நேர்ந்தால் அது தீர்ப்பளிக்கும். பிற நாட்டு ஊர்களில் இருந்த ஆர்மேனியரும் தமக்குள் கூடி வழக்குத் தீர்த்துக்கொண்டனர். இவற்றையெல்லாம் இணைத்த நூல் கடிதங்களே. 1748-இல் ‘சாந்தா கத்தரீனா’ என்ற கப்பல் வங்காளத்திலிருந்து பாஸ்ரா செல்லும் வழியில், நம் சோழமண்டலக் கரையில் ஆங்கிலக் கடற்படையால் பிடிக்கப்பட்டது. அதில் ஆர்மேனிய வணிகரின் சரக்கோடு சுமார் 1,700 கடிதங்களும் பத்திரங்களும் இருந்தன. வழக்குச் சான்றுகளாக அவை இலண்டனுக்குச் சென்று இன்றளவும் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஜூல்பா மக்கள் தமக்குள் பேசிய கிளைமொழியில் எழுதப்பட்டமையால், பிறர் கையில் சிக்கினாலும் அவை எளிதில் விளங்கா. சரக்கின் விலை, கப்பலின் வரவு, இறப்பு, திருமணம் என்பவற்றோடு, எந்த முகவன் ஒழுங்காக நடக்கிறான், எவன் சூதாடிக் கெட்டான் என்ற செய்திகளும் இவ்வாறான கடிதங்கள் வழியே ஊர் ஊராகச் சென்றன. பொய்க்கணக்குக் காட்டியவனுக்கு அடுத்த ஊரில் முதல் கிடைக்காது. ஊர்ப்பேச்சு எத்தனையோ தீமை செய்வதுண்டு. இங்கே அது தணிக்கையாளரின் வேலையைச் செய்தது.

இந்த ஏற்பாட்டின் ஓர் ஊனத்தையும் மறைக்கலாகாது. ஜூல்பாக்காரர் முதலைக் கொடுத்தது பெரும்பாலும் ஜூல்பாக்காரருக்கே. கடிதம் எழுதியது அவர்களுக்கே. வழக்குத் தீர்த்ததும் அவர்களுக்குள்ளேயே. வட்டம் சிறிதாக இருந்ததால்தான் கண்காணிப்பு எளிதாயிற்று. ஆனால் வட்டத்தின் நடுவில் இருந்த ஊர் சாய்ந்தபோது எல்லாம் சாய்ந்தது. நாதிர் ஷா 1740-களில் புதிய ஜூல்பாவின்மீது தாங்கொணாத் தண்டம் விதித்து வணிகரை வதைத்தான். 1747-இல் அவனும் கொலையுண்டான். அதற்குள் செல்வர் பலர் ஊரைவிட்டு வெளியேறிவிட்டனர். இந்தியாவுக்கு வந்தவர்களும் அவர்களுள் உண்டு. தாயூரின் பேரவை வலிவிழந்ததும், தொலைநாட்டுக் கிளைகளைப் பிணைத்த கட்டு மெல்ல அவிழ்ந்தது.

சென்னை ஆர்மேனியரைப் பற்றி இனிப் பார்ப்போம். 1688-இல் இலண்டனில் கோஜா பானோஸ் கலந்தார் என்ற ஆர்மேனிய வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்தார். கம்பெனியின் ஊர்களில் ஆர்மேனியர் ஆங்கிலேயரைப் போலவே வாழவும் வாணிகம் செய்யவும் உரிமை பெற்றனர். ஓர் ஊரில் அவர்கள் 40 பேருக்குக் குறையாமல் இருந்தால், கோயில் கட்ட நிலமும், ஏழாண்டுக்குக் குருவுக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியமும் தருவதாகக் கம்பெனி ஒப்பியது. சங்கம் பதிவுசெய்ய இத்தனை பேர் வேண்டும் என்று நம் சட்டம் எண்ணிக்கை வகுத்திருப்பது போன்றதே இது. சென்னையில் 1712-இல் அவர்களுக்கு ஒரு கோயில் எழுந்தது. இப்பொழுது அரண்மனைக்காரன் தெருவில் உள்ள கோயில் 1772-இல் கட்டப்பட்டது.

இவர்களின் கப்பல்களில் சென்ற சரக்கு நம்மவர் தறிகளிலிருந்து சென்றது என்பதை நெசவாளர் அறிந்து மகிழலாம். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி மணிலாவில் மிகவும் விரும்பி வாங்கப்பட்டது. மணிலாவை ஆண்ட ஸ்பானியர் ஆங்கிலேயரின் கப்பல்களை உள்ளே விடார், ஆர்மேனியரை விடுவர். ஆகவே ஆங்கிலேயரின் சரக்குகூட ஆர்மேனியர் பெயரால் செல்வது வழக்கமாயிற்று. துணி சென்றது, மெக்சிகோவின் வெள்ளி திரும்பி வந்தது. அவ்வெள்ளியில் தறிக்காரனுக்கு வந்தது எவ்வளவு என்று நான் சொல்லவேண்டியதில்லை. தரகனும் இடையிலுள்ளோரும் பெற்ற பங்கை எண்ணித்தானே பிற்காலத்தில் நெசவாளர் சங்கங்களே தோன்றின!

மணிலா வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, புதுச்சேரிக்கு வந்து குடியிருந்தால் அவர் சொத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார், சொத்தில் பெரும்பகுதி போயிற்று. 1749-இல் ஊர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களோ, ஆர்மேனியரும் கத்தோலிக்கரும் பகைவருக்குத் துணைநின்றனர் என்று ஐயுற்று, கோட்டையை ஒட்டிய வெள்ளையர் குடியிருப்பிலிருந்து அவர்களை விலக்கினர். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. உடன்படிக்கை எழுதி அறுபது ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. வந்தேறிகளுக்குக் கொடுத்த உரிமை, ஓர் ஐயம் எழுந்தவுடன் எவ்வளவு விரைவில் பறிக்கப்படுகிறது என்பதை இதில் காண்கிறோம்.

இவர்களுள் வணிகர் மட்டும் இருந்தாரல்லர். ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்ற செல்வர் 1770-களின் தொடக்கத்தில் சென்னையில் ஆர்மேனிய அச்சகம் நிறுவினார். பறிபோன தாய்நாடு என்றேனும் விடுதலை பெற்றால் அதை எப்படி ஆள்வது என்று, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்தோடு 521 பிரிவுகள் கொண்ட ஓர் அரசியல் சட்டமே அவ்வச்சகத்திலிருந்து வெளிவந்தது. நாடு இல்லாத மக்கள் நாட்டுக்குச் சட்டம் எழுதி வைத்தனர்! சங்கத்தின் துணைவிதிகளை ஒருமுறையேனும் படித்த அங்கத்தினர் நம்மில் எத்தனை பேர் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1794-இல் ஹாருத்யூன் ஷ்மாவோனியான் என்னும் பாதிரியார் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகில் வெளிவந்த முதல் ஆர்மேனியப் பத்திரிகை அதுவே. 1796 வரை 18 இதழ்கள் வந்தன. கப்பல் வரவும் வாணிகச் செய்தியும் அதில் இடம்பெற்றன.

யூதரின் கதை வேறு. 1492-இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டும், 1497-இல் போர்ச்சுகலில் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாகியும் சிதறிய அவர்கள், ஆம்ஸ்டர்டாம், இலண்டன், இத்தாலியின் லிவோர்னோ ஆகிய துறைமுகங்களில் ஒதுங்கினர். மத்தியதரைக் கடலின் பவளத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்து விற்று, அத்தொகைக்குக் கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்புவது அவர்கள் தொழில். நம் பெண்டிர் தாலிச்சரட்டில் கோத்த பவளத்துக்குப் பின்னே இவ்வளவு தொலைவு இருந்தது. 1688-இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது நகரத் தந்தையர் பன்னிருவருள் பார்த்தலோமியோ ரொட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ ட ஃபொன்சேகா என்னும் யூத வணிகர் மூவரும் இடம்பெற்றனர். நாடற்றவராய் வந்த நான்கைந்து ஆண்டுகளுக்குள் கிடைத்த இடம் இது. வைர வாணிகம் வேறு நாடுகளுக்கு மாறியதும் அவர்களும் போய்விட்டனர்.

எனக்கு வியப்பளிப்பது லிவோர்னோ யூதர் கையாண்ட முறை. எர்காஸ், சில்வேரா என்ற இரு குடும்பத்தார் சேர்ந்து நடத்திய கூட்டு வாணிகம் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்தது. கோவாவில் அவர்களுக்குச் சொந்த இனத்தார் இல்லை. மத விசாரணைக்கு அஞ்சி எந்த யூதரும் அங்கே வெளிப்படையாக வாழ இயலாது. ஆகவே கோவாவின் இந்து வணிகரோடு அவர்கள் பவளமும் வைரமும் மாற்றிக்கொண்டனர். இவர்கள் அவர்களைக் கண்டதில்லை; அவர்கள் இவர்களைக் கண்டதில்லை. இருவருக்கும் பொதுவான போர்ச்சுகீசிய மொழியில் கடிதம் போகும், பவளம் போகும், ஓராண்டுக்கு மேல் கழித்து வைரம் வரும். ஒரு தரப்பு ஏமாற்றினால் மறு தரப்புக்கு ஏற்ற நீதிமன்றம் இல்லை. ஒரே நடையில் எழுதப்பட்ட வணிகக் கடிதம், வெளியாருக்கும் தெரிந்துவிடும் நற்பெயர், அடுத்த ஆண்டும் வாணிகம் வேண்டும் என்ற தேவை ஆகியவையே அவர்களுக்குப் பிணை.

ஜூல்பாக்காரர் தம்மவரை நம்பினர். லிவோர்னோ வணிகர் அயலாரையும் நம்ப வழிவகுத்துக்கொண்டனர். முன்னதில் கண்காணிப்பு வலிது. பின்னதில் எல்லை விரிந்தது. ‘அங்கத்தினர் சேர்க்கை அனைவருக்கும் திறந்தது’ என்பது கூட்டுறவுக் கொள்கைகளுள் முதலாவது. நடைமுறையில் நம் சங்கங்கள் பல, ஒரே தெரு, ஒரே உறவுமுறை என்றே நிற்கின்றன. வடமாநிலத்திலிருந்து வந்து நம்மூர்களில் உழைக்கும் இளைஞன் ஒருவன் அங்கத்தினராகச் சேர விண்ணப்பித்தால் எத்தனை நிர்வாகக் குழுக்கள் மனமுவந்து ஏற்கும்? சிறிய வட்டத்தில் நாணயம் எளிது என்ற வாதத்தை நான் முழுதும் தள்ளவில்லை. ஆனால் அவ்வட்டத்து இளைஞர் வேற்றூருக்குச் சென்றுவிட்ட பிறகு தறியில் அமர யார் இருப்பர்?

கேரளக் கரைக்கும் இக்கதையில் இடமுண்டு. கி. பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் உரிமையையும் 72 சிறப்புகளையும் செப்பேட்டில் அளித்தான். அச்செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. அதன் மொழி தமிழறிந்தாருக்கு முற்றும் அந்நியமன்று. அந்நாட்டிலேயே பன்னூறு ஆண்டுகள் வாழ்ந்த கொச்சி யூதரில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். மிளகும் தென்னையும் அறிந்தவர்கள் மழையே அரிதான நிலத்தில் இறங்கினர். அவர்களிற் பலருக்கு ஒதுக்கப்பட்டது ‘மொஷாவ்’ என்னும் கூட்டுறவுச் சிற்றூர். 1921-இல் நஹலால் என்ற ஊரில் தொடங்கிய முறை அது. குடும்பத்துக்கு ஒரு பண்ணை. உழவும் விளைச்சலும் அவரவருடையவை. விதை, உரம் வாங்குவதும் விளைபொருள் விற்பதும் ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு. நெகெவ் பாலையிலுள்ள நெவாத்திம் என்ற ஊரில் 1954-இல் குடியேறிய கொச்சி மக்கள் நாளடைவில் பசுமைக்குடில் அமைத்து மலர் வளர்த்தனர். எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் பிறந்து அங்கே சென்ற எலியாகு பெசலேல், பாலையில் ரோஜா வளர்த்துப் பெயர் பெற்று, இந்திய அரசின் பிரவாசி பாரதிய சம்மான் விருதும் பெற்றார். சேந்தமங்கலம் என்றதும் கைத்தறி நெசவாளருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கங்களின் தறிகள் 2018 வெள்ளத்தில் மூழ்கின. சேறுபடிந்த ஓணச் சேலைகளைப் பொம்மைகளாக்கி விற்று மீண்டனர் அல்லவா, அதே ஊர்தான்.

மொஷாவ்களும் இடரின்றித் தப்பவில்லை. ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு என்பது அவற்றின் அடிப்படை. 1980-களில் விலைவாசி தறிகெட்டு ஏறி, 1985-இல் அரசு கடுமையான நடவடிக்கை எடுத்து வட்டி உயர்ந்தபோது, கடன் வாங்காமல் சிக்கனமாக இருந்தவனும் அயலானின் கடனுக்குப் பிணையாளியானான். பல ஊர்களில் கூட்டுக் கொள்முதலும் விற்பனையும் நின்றுபோயின. கூட்டுப்பொறுப்பு நல்லதா தீயதா என்று பயிற்சி வகுப்புகளில் என்னைக் கேட்பதுண்டு. பொறுப்பேற்பவன் கணக்கைப் பார்க்கும் உரிமையும் ஆற்றலும் உடையவனாக இருந்தால் நல்லது; இல்லையேல் அது கண்ணைக் கட்டிக்கொண்டு போடும் கையெழுத்து.

சென்னையில் இன்று ஆர்மேனியக் குடி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கோயிலைக் கொல்கத்தாவிலுள்ள ஆர்மேனியத் திருச்சபைக் குழு பராமரிக்கிறது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. ‘அஸ்தரார்’ ஆசிரியர் ஷ்மாவோனியான் அவ்வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். யூதரின் பழைய கல்லறைகள் இடம் மாறி மாறி, இப்பொழுது லாயிட்ஸ் சாலையில் ஒரு சிறு திடலில் இருக்கின்றன.

உஸ்கான் 1751-இல் காலமானார். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1726-இல், அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 30,000 வராகன் சொந்தப் பணத்தில் பாலம் ஒன்று கட்டியிருந்தார். பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். கட்டியதோடு விடாமல், பின்வரும் பழுதுகளுக்கென 1,500 வராகனைத் தனி நிதியாக ஒதுக்கிவைத்தார். கட்டடத்தைத் திறந்துவைத்துப் பராமரிப்புக்கு ஒரு காசும் ஒதுக்காத சங்கக் கிடங்குகளை ஆய்வுக் குறிப்பில் எழுதி எழுதி அலுத்தவன் நான்; ஆதலால் அந்த 1,500 வராகனே அந்த 30,000-ஐவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பழைய பாலம் இப்பொழுது இல்லை. அவ்விடத்தில் 1966-இல் மறைமலையடிகள் பாலம் எழுந்தது. உஸ்கான் நாட்டிய கல்வெட்டு மட்டும் பாலத்தருகே நிற்கிறது. கிண்டியிலிருந்து சைதாப்பேட்டைக்குப் பேருந்தில் செல்வோர் சற்று எட்டிப் பார்த்தால் காணலாம்.